இல்லாத மாடியில் விரிசல்

மைசூர்
14.7.2024

அன்புள்ள தம்பி கணேசுக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே சுகம். நீ, பிருந்தா, குட்டி கோமு, அம்மா எல்லோரும் அங்கே சுகம்தானே? அம்மா வெயிலில் மொட்டை மாடிக்கு ஏறி வற்றல் போடாமல் பார்த்துக்கொள்.

எதற்குக் கடிதம், வாட்ஸ்அப் இல்லையா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல்தான் வருகிறது. போனில் பேசலாம் என்றால் எனக்குக் காது கேட்காது. நீ ஹாஸ்டலில் தங்கிப் படித்த நாளிலிருந்து நமக்குள் கடிதம்தானே? உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நீ பேசுகிற மாதிரி இருக்கிறது.

பயிற்சி ஆரம்பித்துவிட்டது. காது கேளாத பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறவள் நான். இங்கே வந்து மறுபடியும் மாணவியாக உட்கார்ந்திருக்கிறேன். சித்திரையில் முடிந்துவிடும். அதற்குள் லாட்ஜ் வேலையை நீ முடித்துவிட வேண்டும்.

போன டிசம்பர் வெள்ளம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. மீனாட்சிபுரத்து வாடகை அறையில், என்னிடம் படித்த அந்த நான்கு பெண்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தெருவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்களாம். காது கேளாத பிள்ளைகளுக்கு மைக் எதற்கு? தண்ணீர் பாயை நனைத்த பிறகுதான் எழுந்திருக்கிறார்கள். நீயும் நானும் போய் இடுப்பளவு தண்ணீரில் அவர்களைக் கூட்டிவந்து, பூட்டிக் கிடந்த நம் ஜங்ஷன் லாட்ஜின் மூன்றாம் மாடியில் தங்க வைத்தோம். தண்ணீர் வடிந்த அன்று தூறலில் மொட்டை மாடியில் நின்று நீ சொன்னாய். உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா பூட்டித்தானே கெடக்கு, அக்கா. இந்தப் பிள்ளைகளுக்கே இருக்கட்டும். நீ நடத்து."

அப்பா லாட்ஜை உன் பெயரில் எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன. ஆனால் நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. நீ மழை என்று நினைத்திருப்பாய்.

அந்த நால்வரில் முத்துராணியின் அப்பா பிச்சைக்கண்ணு அண்ணாச்சி, "டவுன்ல தங்க இடம் இல்லாம பொட்டப்பிள்ளைக்கு என்ன வேலை? முக்கூடல்ல ஒக்காந்து பீடி சுத்தட்டும்" என்றே இருக்கிறார். வைகாசி பிறந்ததும் ஹாஸ்டல் திறந்துவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா சங்கரி


திருநெல்வேலி
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

மைசூர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சாப்பாடு எப்படி? அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்று பிருந்தா சொல்கிறாள். கோமு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "அத்தை எப்ப வருவா?" என்று நாளுக்கு நாலு தடவை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும்.

லாட்ஜ் இருக்கிறது. அதைப்பற்றி நீ இப்போது கவலைப்பட வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். படிப்பில் கவனம் வை. அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
கணேஷ்


மைசூர்
25.8.2024

அன்புள்ள கணேசுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கவலைப்படாதே என்று எழுதிவிட்டாய். அதனால் கவலையை விட்டுவிட்டுக் கனவு காண ஆரம்பித்துவிட்டேன். இத்துடன் நான் வரைந்த படம் இருக்கிறது. சிரிக்காமல் பார்.

கூப்பிடுகிற மணிக்குப் பதிலாக ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கு. கீழே பொத்தானை அழுத்தினால் மேலே விளக்கு மின்ன வேண்டும். அறைக் கதவுகளில் கண் உயரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே இருப்பவளுக்குக் கேட்காதபோது கதவைத் தட்டி என்ன பயன்? மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய கண்ணாடி. பின்னால் ஆள் வருவது எங்களுக்குத் தெரியாது, கணேஷ். திடீரென்று ஒரு கை தோளில் விழும். ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வரும். என் ஒன்பதாவது வயதிலிருந்து அப்படித்தான். அந்தக் கட்டடத்தில் ஒரு பெண்ணும் அப்படித் திடுக்கிடக் கூடாது.

கண்ணாடிக்கு அளவு வேண்டும். படிக்கட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. காலை வெயிலில் எடு.

பெண்கள் லாட்ஜுக்குக் கையால் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் உள்ளங்கையில் ஏறி மேலே போய் உட்கார வேண்டும். வெள்ளத்தன்று படியேறிப் போய் உட்கார்ந்தார்களே, அதுதான். "எப்போது ஏறலாம்?" என்று வீடியோவில் தினமும் கேட்கிறார்கள்.

கோமுவுக்கு முத்தம். அம்மாவுக்கு நமஸ்காரம்.

சங்கரி


திருநெல்வேலி
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீஸில் ஆடிட் நேரம். பிறகு கோமுவுக்குக் காய்ச்சல். இப்போது வீட்டில் கொலு. பிருந்தா என்னைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

படம் வந்தது. நன்றாக வரைந்திருக்கிறாய். போட்டோதான் எடுக்க முடியவில்லை, என் போனில் கேமரா சரியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்கியிருக்கும் போலிருக்கிறது. மூன்றாம் மாடியில், வடக்கு மூலை அறையில், ஒரு விரிசல். என்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு மாதிரியாகத் தலையாட்டினார். பார்க்கலாம்.

தீபாவளிக்கு நீ சிரமப்பட்டு வர வேண்டாம். ரயிலில் கூட்டம் தாங்காது. நாங்களும் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போய்விடுவோம். சித்திரைக்குத்தான் வரப்போகிறாயே.

அன்புடன்,
கணேஷ்


மைசூர்
19.10.2024

அன்புள்ள கணேசுக்கு,

கோமுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? அதை முதலில் எழுது.

விரிசல் என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. தலையாட்டினார் என்றால் என்ன அர்த்தம்? ஆமாம் என்றா, இல்லை என்றா? அவர் வாயால் என்ன சொன்னார் என்று எழுது. வெள்ளம் வந்து பத்து மாதம் கழித்தா விரிசல் தெரியும்? பூச்சில் மட்டும் என்றால் பயமில்லை என்று இங்கே விசாரித்தேன். உள்ளே இறங்கியிருந்தால் அந்த மூலை அறையைப் பூட்டிவிடுவோம். மற்ற அறைகள் போதும்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ரத்து செய்துவிட்டேன். நீங்கள் இல்லாத வீட்டுக்கு வந்து நான் என்ன செய்ய?

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கே சாரம்மாள் என்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் நடத்திய விடுதியை மூடிவிட்டார்களாம். இரும்புக் கட்டில்களையெல்லாம் நம் ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். லாரி மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டில்களைக் கீழ்த்தளத்தில் இறக்கி வைக்கலாமா? ஒரு வரி எழுது.

சங்கரி


திருநெல்வேலி
15.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா செய்த முந்திரிக்கொத்தும் அதிரசமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதிரசம் உனக்காகவே மெத்தென்று சுட்டது.

கட்டில்களை இப்போது அனுப்ப வேண்டாம். மழை விட்டபாடில்லை.

ஜங்ஷன் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாமல் ஜனங்கள் படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டும். ஜவுளி எடுக்க வந்தவர்கள் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆம்புலன்ஸ்கூடப் போக முடியவில்லை. ஊர் மாறிக்கொண்டு வருகிறது, அக்கா. நாமும் கொஞ்சம் மாறத்தான் வேண்டும்.

லாட்ஜ் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

கணேஷ்


மைசூர்
3.12.2024

கணேஷ்,

நான் நலம்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் முத்துராணி வீடியோவில் கூப்பிட்டாள். நீல நிறத்தில் கோட்டு போட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வேலை கிடைத்துவிட்டது டீச்சர் என்று கையால் சொன்னாள். கையில் ஒரு கட்டு சீட்டு. வண்டி வந்தால் ஒன்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும், போகும்போது திரும்ப வாங்க வேண்டும். "ஹாரன் எவ்வளவு அடித்தாலும் எனக்குத் தலைவலி வராது" என்று வேடிக்கையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். எங்கே வேலை என்று கேட்டேன்.

அவள் இரண்டு விரலை உள்ளங்கையில் ஏற்றி உட்கார வைத்தாள். பிறகு அந்த விரல்களைத் தட்டிவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்.

கார்கள் நின்றன, கணேஷ். வரிசையாக. பின்னால் ஒரு சுவர். முதலில் அது யார் வீட்டுச் சுவர் என்று தெரியவில்லை. கீழே, லாட்ஜுக்குப் பக்கத்து முகம்மது சுல்தான் பாயின் பேட்டரிக் கடைப் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் சுவரில் நம் லாட்ஜ் ஒட்டிக்கொண்டிருந்தது. அறை அறையாகப் பச்சைச் சுண்ணாம்பு. படிக்கட்டு ஏறிப்போன தடம், கோணல் கோணலாக, மேலே வரை. மூன்றாம் மாடி உயரத்தில் கைகழுவும் தொட்டி ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தரை இல்லை.

எப்போது இடித்தார்கள் என்று கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? ஆவணியில். சார் எனக்கு எழுதிக் காட்டினாரே, டீச்சர் சம்மதித்துவிட்டார், ஹாஸ்டலுக்கு வேறு இடம் பார்க்கிறார், அதுவரை அவரிடம் அதைப்பற்றிக் கேட்க வேண்டாம் என்று. இந்த வேலைகூட நீங்கள் சொல்லித்தான் கொடுத்ததாகச் சொன்னார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் நன்றி சொன்னாள். நான் தலையாட்டினேன். கேட்காததற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவள்தானே.

தினமும் முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாளாம். ஒரு நாள் பஸ் தவறினால் அவள் அப்பா அத்தோடு நிறுத்திவிடுவார்.

ஆவணியில் நான் உனக்குப் படிக்கட்டுக் கண்ணாடியைப் பற்றி எழுதினேன். என் படம் உன் கைக்கு வந்தபோது அங்கே இயந்திரம் நின்றிருக்கும். அக்டோபரில் மூன்றாம் மாடியில் விரிசல் என்று எழுதினாய். விரிசல் விடுவதற்கு அன்றைக்கு மாடியே இல்லை. வடக்கு மூலை என்று எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறாய். அந்த மூலையை நினைத்து நான் தூங்காமல் இருந்தேன்.

இடித்ததைக்கூட விடு. நான் சம்மதித்தேன் என்று அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னாய்?

சங்கரி


திருநெல்வேலி
20.12.2024

அக்காவுக்கு,

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம்.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். அது எத்தனை வருஷமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம்? எதிரே பஸ் ஸ்டாண்டை இடித்துப் போட்டபோதே லாட்ஜுக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. அதன் பிறகு கொரோனா. பின் கதவை உடைத்துக்கொண்டு குடிகாரர்கள் உள்ளே போனார்கள். நாளைக்கு அங்கே ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும்? ஜவுளிக்கடைக்காரர் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று தானாகத் தேடி வந்து கேட்டார். ஊருக்கும் உபயோகம். அந்தத் தெருவில் இப்போது நெரிசலே இல்லை என்று சுல்தான் பாயே சொல்கிறார்.

உன்னிடம் சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. விரிசல் என்று எழுதியது உன் மனதைப் பைய தயார் செய்வதற்காக. வேறு எண்ணமில்லை.

அப்பா அதை என் பெயரில்தான் எழுதினார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் உனக்கென்று மகாராஜ நகரில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது. நீ நிம்மதியாக இருக்கலாம்.

முத்துராணிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தானே?

கணேஷ்


திருநெல்வேலி
25.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீ பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, பதில் வரவில்லை. உனக்கென்று எடுத்த பொங்கல் புடவை பீரோவில் இருக்கிறது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "அவளுக்கு நீ எழுதினியாலே?" என்று தினமும் கேட்கிறாள்.

தப்பு என்றால் தப்பு என்று எழுது. திட்டியாவது எழுது. இப்படி இருக்காதே. சின்ன வயதில் நீ கோபித்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்வாய். அதற்கப்புறம் நாங்கள் என்ன சொன்னாலும் உனக்குத் தெரியாது. எனக்கு அப்போதே அது பயமாக இருக்கும்.

கணேஷ்


திருநெல்வேலி
10.3.2025

ஏட்டி சங்கரி,

அம்மை எழுதுதேன். நல்லாருக்கியா? வேளைக்குச் சாப்பிடுதியா? எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போச்சு. எழுத்து கோணலா இருந்தா பாத்துக்கோ. கணேசுக்குத் தெரியாது நான் எழுதுதது. கோமுகிட்ட கொடுத்துத் தபால்ல போடச் சொல்லுதேன்.

அவன் மேல கோவப்படாத. அவன் ஒங்கிட்ட சொல்லணும்னுதான் நின்னான். "அக்காவுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்வோம்மா"ன்னு ரெண்டு தடவ சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். சொன்னா நீ வந்து குறுக்க நின்னுருவ, ஒன்னய மீறி அவன் செய்யமாட்டான். எனக்குத் தெரியும்லா.

விரிசலும் இல்ல, குடிகாரனும் இல்ல. நான் உள்ளதச் சொல்லுதேன். பிருந்தாவோட அண்ணன் வந்திருந்தப்ப ஒக்காந்து ஒங்கப்பா பேரச் சொல்லிப் பேசுனாவ. "பூதலிங்கம் அண்ணாச்சி லாட்ஜு ஊமைப் பிள்ளைக ஹாஸ்டல் ஆவப் போவுதாமே, அவுக மகளும் அங்கனதான் இருக்கப் போவுதாமே"ன்னு கேட்டாவ. அன்னைக்கே கணேசக் கூப்பிட்டு, ஜவுளிக்கடைக்காரவுகளுக்கே கொடுத்துருன்னு சொல்லிட்டேன்.

ஒனக்கு ஒம்பது வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது போச்சு. அன்னைலருந்து நான் ஒருத்தர்கிட்டயும் காது போச்சுன்னு சொன்னதில்ல. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்னு சொல்லிச் சொல்லியே ஒன்னய வளத்தேன். ஒதட்டப் பாத்துப் பேசப் படிச்சுக் கொடுத்தேன். கையத் தூக்குனா அடிச்சேன். நீ நல்லா பேசுத. பாக்கிற ஆளுக்குத் தெரியாது. ஸ்கூல்ல அந்தப் பிள்ளைகளோட கைய ஆட்டிப் பேசுத, அது உத்தியோகம், அத யாரும் ஒண்ணும் சொல்லமுடியாது. ஆனா அப்பா பேர் போட்ட கட்டடத்துல, ஜங்ஷன் ரோட்டுல, அத்தன பிள்ளைகளும் கைய ஆட்டிக்கிட்டு நிக்க, நடுவுல நீயும் நின்னா? இத்தன வருசம் நான் பொத்திப் பொத்தி வச்சது என்னத்துக்கு?

அந்தப் பிள்ளைக மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வெள்ளத்தன்னைக்கு நான்தான் சோறு வடிச்சுக் கொடுத்தேன். அந்த முத்துராணிக்குத் தலையக்கூட தொவட்டிவிட்டேன். பாவப்படுதது வேற, நம்ம வீடு வேற.

ஒனக்காவத்தான் செஞ்சேன். காரு நின்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ.

சித்திரைக்கு நேரா வீட்டுக்கு வந்துரு. ஒம் ரூமுல புது ஃபேன் மாட்டியிருக்கு.

அம்மை
உலகம்மாள்


பாளையங்கோட்டை
4.5.2025

அம்மாவுக்கு,

சங்கரி எழுதுகிறேன். மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பாய். நான் வந்து இரண்டு வாரமாகிவிட்டது. என் பள்ளிக்குப் பின்னால் ஜெபஸ்டின் சார் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. வெள்ளத்தன்று நீ சோறு போட்ட பெண்களில் மூன்று பேர் என்னோடு இருக்கிறார்கள். இடம் போதாது. சாரம்மாள் டீச்சரின் கட்டில்களில் நான்குதான் உள்ளே நுழைந்தன. மற்றதையெல்லாம் அங்கேயே வேறு யாருக்கோ கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கணேஷ் என்னை ஏமாற்றினான் என்பதோடு நின்றிருந்தால் ஒரு நாள் வந்து அவனோடு சண்டை போட்டு, அழுது, அதிரசம் தின்றுவிட்டுப் போயிருப்பேன். அவனுக்கு ஆசை, அல்லது பயம், ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ என் காதை மறைத்ததாக எழுதியிருக்கிறாய். காதை எப்படி அம்மா தனியாக மறைக்க முடியும்? என்னைத்தான் மறைத்தாய். கல்யாண வீடுகளில் நான் யாரோடும் பேசிவிடாதபடி அடுப்படியில் வேலை கொடுத்து உட்கார வைத்தாய். நான் அதை அருமை என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு என் பள்ளியில்தான் கையால் பேசக் கற்றேன். முதல் நாள் ஒரு சின்னப் பெண் தன் கையால் என்னைப் பார்த்து, "நீயும் எங்களைப் போலவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் தலையாட்டாமல் சொன்ன முதல் பதில் அதுதான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடிப்பாயோ என்று சொல்லவில்லை.

வெள்ளத்தன்று முத்துராணிக்கு நீ தலை துவட்டியபோது நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இவர்களைப் பிடித்துவிட்டது, இனி என்னையும் இப்படியே பிடித்துவிடும் என்று நினைத்தேன். நாற்பது தாண்டியவளுக்கு எப்படி ஒரு நினைப்பு பார்.

போன வியாழக்கிழமை முக்கூடலுக்குப் போனேன். பிச்சைக்கண்ணு அண்ணாச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒங்க சொல்ல நம்பித்தான டீச்சர் பிள்ளைய அனுப்புனேன்? ஒங்க கட்டடத்த நீங்களே இடிச்சிட்டு, காருக்குச் சீட்டு கிழிக்க விட்டுட்டியளே" என்றார். நான் இடிக்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க வீட்டுல நடந்தது ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். உள்ளே அவர் மனைவி பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துராணியை என்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். அவள் அந்த வேலையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. அவள் சம்பாதித்துச் சாப்பிடுகிறாள். நான் சம்மதித்ததாகச் சொன்னது பொய் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யாருடைய பொய்?" என்று கேட்டாள். என் தம்பியுடையது என்று சொன்னேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீ தலை துவட்டிவிட்டதை அவள் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஃபிளாட் எனக்கு வேண்டாம் என்று கணேஷிடம் சொல்லிவிடு. கோமு இங்கே வர ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமையில் அனுப்பு. அவளிடம் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

முக்கூடல் பஸ் பேட்டை ரோடு வழியாகத்தான் போகிறது. உனக்கே தெரியும். எதிரே லாரி வந்ததால் நம் வீட்டுக்கு நேராகப் பஸ் நின்றுவிட்டது. நான் ஜன்னல் ஓரத்தில் இருந்தேன். நீ வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாய். சத்தமாகத்தான் பேசியிருப்பாய், கை அப்படி ஆடியது. சுங்கடிப் புடவை, நெற்றியில் திருநீறு. கூடையைத் தலைக்கு ஏற்ற அவளுக்கு ஒரு கை கொடுத்தாய். முகம் தெளிவாக இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாய். என்னைத் தெரியவில்லை.

கண்டக்டர் என்னிடம் ஏதோ கேட்டார். இறங்க வேண்டுமா என்றுதான் கேட்டிருப்பார். நான் பாதி எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. இல்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

நீ நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தில் உன் நலம் கேட்கவில்லை.

சங்கரி